குண்டானுக்குள் போன போன்கள்

இழவு வீட்டில்கூடச் சிரிக்க வைப்பான் என்று என்னைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. உண்மைதான். ஊருக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. என் மகள் போனை எடுக்கவில்லை என்றால், அந்த இழவு வீட்டையே மனசுக்குள் நான் கட்டி முடித்துப் பந்தலும் போட்டுவிடுவேன்.

கீழ்பென்னாத்தூரில் எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறேன். மகள் திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டுப் பக்கம் ஒரு காலேஜில் நர்சிங் இரண்டாம் வருஷம். ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். முதல் வருஷம் ரொம்பக் கஷ்டப்பட்டாள். பகலெல்லாம் வார்டில் நின்றுவிட்டு வந்து படுக்கையில் போனைத் திறப்பாள். பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவர்கள் எல்லாம் சென்னையில் கடற்கரை, ஐஸ்கிரீம், புதுத்துணி என்று சிரித்துக்கொண்டிருப்பார்கள். இவள் அன்றைக்கு யாரோ ஒரு பெரியவரின் படுக்கைப்புண்ணைக் கழுவிவிட்டு வந்திருப்பாள். பார்த்துக்கொண்டே கிடந்ததில் தூக்கம் போயிற்று. பிறகு சாப்பாடும் போயிற்று.

தீபாவளிக்கு வந்தவள் அதிரசத்தைத் தொடவே இல்லை. "எல்லாரும் நல்லா இருக்காங்கப்பா. நா மட்டும்தான் இப்டி. என்னைக் கூட்டிக்கினு வந்துடுங்க" என்று அழுதாள். எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். ஒரு ஜோக் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. என் ஆயுசில் எந்த ஜோக்கும் அப்படித் தரையில் விழுந்து கிடந்ததில்லை.

"பொங்கல் வரைக்கும் பாரும்மா. முடியலன்னா ஒரு போன் போடு, அப்பவே வண்டிய எடுத்துக்கினு வந்துடறேன்" என்றேன்.

அந்த போன் வரவில்லை. பொங்கலும் போனது, முதல் வருஷமும் முடிந்தது. "பாப்பா தேறிட்டா" என்றாள் மனைவி. நான் நம்பவில்லை. வாட்ஸப்பில் மகளின் 'லாஸ்ட் சீன்' பார்த்து ஜோசியம் கணிக்க ஆரம்பித்தேன். விடியற்காலை நேரம் காட்டினால் அவள் தூங்கவில்லை. காட்டாவிட்டால் மயங்கிக் கிடக்கிறாள். எனக்கு வேறு பலனே வராது. சுவிட்ச் கேட்டவருக்கு பல்பை எடுத்துக் கொடுத்துவிட்டு, அவர் திட்டுவதையும் கேட்காமல் போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கூப்பிட்டேன். சுவிட்ச் ஆஃப். அவள் அறைத்தோழியைக் கூப்பிட்டால் அதுவும் ஆஃப். இன்னொரு சிநேகிதிக்கும் அதே கதி.

"மூணு போனும் ஒண்ணா ஆஃப்னா இன்னாடி அர்த்தம்?"

மனைவி மல்லாட்டை உரித்து, வேர்க்கடலையைக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். "சோறு துன்னுட்டு தூங்குதுங்கன்னு அர்த்தம். நீங்களும் போய்ப் படுங்க."

படுக்கவா? மகள் திரும்பவும் உடைந்துபோய்விட்டாள், மற்ற இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து அழுகிறார்கள் என்று நான் முடிவு செய்து பத்து நொடி ஆகியிருந்தது. வண்டியை எடுத்தேன். இன்றைக்கு அவளைக் கையோடு கூட்டி வந்துவிட வேண்டும், படிப்பாவது கிடிப்பாவது. பௌர்ணமி இல்லாத நாளிலும் திருவண்ணாமலைக்குள் ஆந்திரா கார்கள் நகர இடமில்லாமல் நின்றன. மலையைப் பார்த்து ஒரு கும்பிடு, முன்னால் நின்ற காரைப் பார்த்து ஒரு ஹாரன் என்று மாற்றி மாற்றிப் போட்டேன். ஆசிரமம் பக்கத்தில் வேட்டி கட்டிய வெள்ளைக்காரர் ஒருவர் சைக்கிளில் என்னை முந்திப் போனார். போகிற போக்கில் 'எல்லாம் சரியாகிவிடும்' என்பதுபோலச் சிரித்தார். பாவம், பெண் பிள்ளையை ஹாஸ்டலில் விட்டவராக இருக்க முடியாது.

ஹாஸ்டல் வாட்ச்மேன் என் காலையே பார்த்தார். "இன்னா சார், ஒரு கால்ல லேடீஸ் செருப்பு?"

குனிந்து பார்த்தேன். இடது கால் செருப்பு என் மனைவியுடையது. அதற்கெல்லாம் நேரமில்லை. வார்டன் மெஸ்ஸைக் காட்டினார். உள்ளே ஓடினேன்.

மேஜையைச் சுற்றிப் பெண்கள். நடுவில் மூடி போட்ட ஒரு பெரிய சாம்பார் குண்டான். பக்கத்தில் தலையிலும் தாடையிலும் கட்டு, இரண்டு கையும் கழுத்தில் கட்டிய தூளியில் தொங்க, ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"ஐயோ பாப்பா!" என்று கத்திவிட்டேன்.

"நா இங்க இருக்கேன்பா" என்றது பின்னால் ஒரு குரல். கட்டுத்துணிச் சுருளோடு என் மகள் நின்றாள். கன்னத்தில் சதை போட்டிருந்தது.

"அப்ப இந்தப் பொண்ணுக்கு?"

"அது தண்டனைப்பா. ஞாயித்துக்கிழமை சாப்ட்டதும் எல்லார் போனும் ஆஃப் பண்ணி குண்டான்ல போட்டுடுவோம். டீ வர்ற வரைக்கும் பேசிக்கினு இருப்போம். யார் கை மொதல்ல போனுக்குப் போவுதோ, அவங்கதான் பேஷண்ட்டு. பிராக்டிகல் வருது இல்ல?"

கட்டுக்குள் இருந்த பெண் தாடையை ஆட்டி ஆட்டி வாய்த்துணியை இறக்கினாள். "ஆரம்பிச்சதே உங்க பொண்ணுதான் அங்கிள். போன வருஷம் ரொம்ப நாளு அவளேதான் பேஷண்ட்டு! கைய வெச்சிக்கினு சும்மா இருக்கவே தெரியாது."

எல்லோரும் சிரித்தார்கள். மகளும் சிரித்தாள். நான் மகள் பக்கம் திரும்பினேன். "எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொன்னா ஜோக்கு அடிப்பீங்க."

அதற்குள் என் பையில் போன் அடித்தது. செருப்பைத் தேடுகிற மனைவியாக இருக்கும். கை தானாகப் போய்விட்டது. மெஸ்ஸே என் கையைப் பார்த்தது.

"அங்கிள்தான் பேஷண்ட்டு!"

என் போனை ஆஃப் பண்ணிக் குண்டானுக்குள் போட்டார்கள். என்னை ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். தலைக்கட்டு போடுகிற வேலை. என் தலையில் முடி கிடையாது. ஒருத்தி கட்டினாள், வழுக்கிக்கொண்டு மூக்கில் வந்து நின்றது. இன்னொருத்தி கட்டினாள், தலையாட்டியதும் மாலையாகக் கழுத்தில் விழுந்தது. "மண்டைய இதுக்குன்னே பாலிஷ் போட்டு வந்தீங்களா அங்கிள்?"

மகள் முன்னால் வந்தாள். "தலைய ஆட்டாதீங்க" என்றாள். வீட்டில் நான் கேட்டறியாத குரல் அது. நோயாளிகளிடம் பேசுகிற குரல். ஊரையே சிரிக்க வைத்து ஆடுகிற என் தலை அப்படியே நின்றது. நெற்றியிலிருந்து பின்னால், பின்னாலிருந்து காதோரம் என்று துணி போனது. விரல்களில் அவசரம் இல்லை, நடுக்கம் இல்லை. முடித்துவிட்டு, "இப்ப ஆட்டுங்க" என்றாள். ஆட்டினேன். குதித்தேன். கட்டு அசையவில்லை.

அடுத்து பி.பி. ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டவள் நெற்றியைச் சுருக்கினாள். "ஜாஸ்தியா இருக்குப்பா."

"நம்ம ஊரு கரண்டு அப்டித்தாம்மா. திடீர்னு ஏறும், பாத்துக்கினே இருக்கச் சொல்லோ புஸ்ஸுன்னு போய்டும்."

மகள் சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். தீபாவளியிலிருந்து பாக்கி நின்ற சிரிப்பு.

டீ வந்ததும் குண்டானைத் திறந்தார்கள்; என் போனை ஆன் பண்ண மறந்து அப்படியே பையில் போட்டுக்கொண்டேன். மகள் பி.பி.யை மறுபடி பார்த்தாள். இறங்கியிருந்தது. "பதறிக்கினு வந்ததால ஏறியிருக்கும். இருந்தாலும் சும்மா விடாதீங்க. இந்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போய் இன்னொரு வாட்டி பாத்துட்டு எனக்குச் சொல்லுங்க."

வாசல்வரை வந்தாள். நான் மெதுவாக, "வண்டி நிக்குது. வரியா?" என்றேன்.

"எங்க?"

"வீட்டுக்கு. அன்னிக்கு சொன்னேன் இல்ல."

அவளுக்குப் புரிந்தது. என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். "நாளைக்குக் காலையில எனக்கு வார்டுல போஸ்டிங் இருக்குப்பா."

அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு அதற்குமேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

கட்டோடு ஹெல்மெட் நுழையவில்லை. கழற்ற மனசில்லை. ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு மெதுவாக ஓட்டினேன். டிராபிக் போலீஸ்காரர் நிறுத்தினார். ஹெல்மெட்டைப் பார்த்தார், தலையைப் பார்த்தார். "இத முன்னாடியே மாட்டியிருந்தா இப்டி ஆயிருக்குமா சார்?"

"அடி ஒண்ணும் இல்ல சார். எம்பொண்ணு நர்சிங் படிக்குது. அது கட்டினது."

அவர் கட்டை ஒரு விரலால் இழுத்துப் பார்த்தார். "ஸ்ட்ராங்காத்தான் கட்டியிருக்கு" என்று சொல்லி, கழற்றி ஹெல்மெட் போட்டுக்கொண்டு போகச் சொன்னார். கடைசியில் நான் கெஞ்சியதைப் பார்த்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு போக அனுமதித்தார். கடைத்தெரு முழுக்கத் தள்ளினேன். கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். கேட்காதவர்களை நிறுத்திச் சொன்னேன். டவுனைத் தாண்டித்தான் பத்திரமாக அவிழ்த்துப் பையில் வைத்தேன்.

வீட்டில் மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். "போன ஆஃப் பண்ணிட்டு எங்க போனீங்க? எனக்கு உசுரே போச்சு!"

சுவிட்ச் ஆஃப் என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்கு இப்போது தெரிந்திருந்தது. துணியை எடுத்துத் தலையில் சுற்றிக் காட்டினேன். மூக்கில் வந்து விழுந்தது.

"பாப்பா கட்டினப்ப நின்னுதுடி. குதிச்சிப் பாத்தேன், அசையல."