இரண்டு வக்து இமாம்

சகோதரிகளே, எனக்கு வாய் கொஞ்சம் நீளம். எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த வாயாலேயே அல்லாஹ் எனக்குச் செய்த உதவியைச் சொல்கிறேன். நடுவில் கோபம் தலைகாட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள். அது இன்னும் முழுசாகப் போகவில்லை.

போன மழைக்காலத்தில் என் வீட்டுக்காரருக்குக் குரல் போய்விட்டது. அவர் கோவையில் எங்கள் மொகல்லா பள்ளிவாசலின் இமாம். பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் உரிக்கிற குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயதிலேயே குர்ஆனை மனனம் செய்தார். அரபிக் கல்லூரியில் ஓதி முடித்து, மதுக்கரையில் ஒரு சின்னப் பள்ளியில் பாங்கு சொல்லிக்கொண்டிருந்து, பிறகு இங்கே இமாமாக வந்தார். அவருக்குச் சொத்து என்றால் அந்தக் குரல்தான். எங்கள் தெருப் பிள்ளைகளில் பாதிப் பேருக்குப் பிறந்ததும் காதில் பாங்கு சொன்னவர் அவர்தான்.

ஆர்.எஸ்.புரத்து டாக்டர் தொண்டையில் கட்டி என்று சொல்லி எடுத்துவிட்டார். ஆபத்தான கட்டி இல்லை என்று தெரிந்தபோது ஓவென்று அழுதேன். ஆனால் குரல் வரவில்லை, வெறும் காற்றுதான் வந்தது. "வரும்மா, எப்பன்னு சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

இதற்காகவே காத்திருந்ததுபோல் கிளம்பினார், பள்ளிவாசலை நிர்வகிக்கிற ஜமாஅத்தின் தலைவர். கொப்பரை வியாபாரி. பள்ளிவாசல் வளைவில் தன் பெயரைப் பொறித்த நாளிலிருந்து பள்ளிவாசலே தன்னுடையது என்று நினைக்கிற மனிதர். முன்பு ஒரு வெள்ளிக்கிழமை, தான் வந்து சேரும்வரை ஜும்ஆத் தொழுகையைத் தொடங்க வேண்டாம் என்று ஆள் அனுப்பினார். என் வீட்டுக்காரர் நேரத்துக்குத் தொடங்கிவிட்டார். அன்றைக்குப் பிடித்த வன்மம்.

ஐந்து வக்துத் தொழுகையில், மத்தியான லுஹரிலும் சாயங்கால அஸரிலும் இமாம் மனதுக்குள் ஓதினால் போதும். மற்ற மூன்று வேளையும் சத்தமாக ஓத வேண்டும். அதனால் இவர் அந்த இரண்டு வேளைக்கு மட்டும் முன்னால் நின்று தொழ வைத்தார். "அல்லாஹு அக்பர்" என்று இவர் சொல்வதைப் பாங்கு சொல்கிற மோதினார் பக்கத்தில் நின்று உரக்கச் சொல்லுவார். தலைவர் கமிட்டியில் உட்கார்ந்து சிரித்திருக்கிறார்: "நம்மளுது ரெண்டு வக்து இமாமுங்க. மிச்சத்துக்கு வேற ஆளு பாக்கோணும்." அந்தப் பெயர் தெரு முழுக்கப் பரவியது. இவர் பெயர் சூட்டிய பிள்ளைகளின் தகப்பன்மாரும் சேர்ந்து சிரித்தார்கள். நன்றி கெட்ட ஜென்மங்கள்!

பிறகு ஒரு நாள் தலைவரே வாசலுக்கு வந்தார். "ஏனுங்க அம்மணி, ரமலானுக்குப் புது இமாம் ஹஜ்ரத்து வாராருங்க. அதுக்குள்ள ஊட்டக் காலி பண்ணிக் குடுத்துப்போடுங்க." வீடு பள்ளிவாசலுக்குச் சொந்தமானது. எங்கள் ஊரில் கழுத்தில் கத்தி வைத்தாலும் "ங்க" போட்டுத்தான் வைப்பார்கள்.

அன்று தொழுகைப் பாயில் உட்கார்ந்து நான் கேட்டது துஆ இல்லை, சண்டை. "யா அல்லாஹ், உன் வேதத்தை ஓதின தொண்டை அது. அவருக்குக் குரலைக் கொடு. அந்த ஆளோட திமிர ஒடி." வாய்விட்டே கேட்டேன். என் வீட்டுக்காரர் என் பக்கத்தில் வந்து, இரண்டாவதைக் கேட்காதே என்று தலையாட்டினார். குரல் இல்லாத மனிதர் என் வாயை மூடப் பார்க்கிறார்! நான் மூடவில்லை. தினமும் இரண்டையும் சேர்த்தே கேட்டேன்.

ரமலான் நெருங்கிவிட்டது. பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் மறுபடியும் தலைவர் வந்து நின்றார். தலையில் தொப்பி இல்லை, கண் சிவந்திருந்தது.

"எங்கம்மா மவுத்தாயிட்டாங்க. ஜனாஸாவை நம்ம ஹஜ்ரத்துதான் தொழ வெக்கோணும்னு சொல்லிப்போட்டுப் போயிருக்காங்க."

"ரெண்டு வக்து இமாம் எதுக்குங்க? புது ஹஜ்ரத்தக் கூப்புடுங்க" என்றேன். எனக்கு இரக்கம் வரவில்லை.

அவர் தரையைப் பார்த்தார். "நானும் சொன்னேனுங்க, அவருக்குச் சத்தம் வராதேம்மான்னு. 'அல்லாவுக்குக் கேக்கும்டா, நீ போய்ச் சொல்லு'ன்னுட்டாங்க."

அந்தம்மா எனக்கும் பழக்கம்தான், மகனைப்போல் இல்லை. ஆனாலும் எனக்குச் சொல்ல இன்னும் நிறைய இருந்தது. அதற்குள் என் வீட்டுக்காரர் என்னைத் தாண்டிச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்கு அவர்மேலும் கோபம் வந்தது.

இறந்தவர்களுக்கான ஜனாஸாத் தொழுகையில் குனிவதும் இல்லை, தரையில் நெற்றி வைக்கிற சஜ்தாவும் இல்லை. நின்றபடி நான்கு முறை "அல்லாஹு அக்பர்" என்று தக்பீர் சொல்வது மட்டும்தான் வெளியே கேட்கும். அஸருக்குப் பிறகு பள்ளி முற்றத்தில் வைத்துத் தொழுதார்கள். எங்கள் ஜன்னல் அந்தப் பக்கம்தான். முதல் தக்பீர் மோதினாரின் குரல். இரண்டாவதும் அவருடையதே. மூன்றாவதில் அதோடு இன்னொரு குரலும் சேர்ந்து வந்தது. கரகரவென்று, துருப்பிடித்த கதவைத் திறப்பதுபோல. நான்காவதில் மோதினார் வாயைத் திறக்கவில்லை. ஒரே குரல். தெருமுனைவரை கேட்டது. கட்டி வைத்த மூட்டைமேல் உட்கார்ந்து அழுதேன்.

அடுத்த நாட்களில் விட்டுவிட்டு வந்த குரல் ரமலான் முதல் இரவில், நெடுநேரம் சத்தமாக ஓத வேண்டிய தராவீஹ் தொழ வைக்கிற அளவுக்குத் திரும்பியது. டாக்டர், "நேரம் வந்துச்சும்மா" என்றார். நேரத்தைக் கொண்டுவந்தது யார் என்று எனக்குத் தெரியும். தலைவர் முதல் வரிசையில் நின்று தொழுகிறார். மன்னிப்புக் கேட்கவில்லை. புது ஹஜ்ரத்தைப் பற்றியோ வீட்டைப் பற்றியோ யாரும் பேச்சு எடுக்கவில்லை, நானும் மூட்டைகளைப் பிரித்துவிட்டேன்.

அந்த ஆளை உடைக்கச் சொல்லிக் கேட்டேன். அல்லாஹ் அந்த ஆளுடைய தாயின் ஜனாஸாவில் என் கணவரின் குரலைத் திருப்பிக் கொடுத்தான். இது எனக்கு லேசில் ஜீரணமாகவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் அந்த அம்மாவுக்காகத் துஆ கேட்கிறேன். சகோதரிகளே, கோபமாக இருந்தாலும் கை ஏந்துங்கள். தொண்டை அடைத்துக்கொண்டாலும் கேளுங்கள், அவனுக்குக் கேட்கும்.

தலைவருக்காகக் கேட்க மட்டும் எனக்கு இன்னும் வாய் வரவில்லை. வரும், எப்போது என்று சொல்ல முடியாது.