பறிக்காதீர்கள், ரசியுங்கள்

எங்கள் தோட்டக் கழகத்துக்குக் கிடைத்த கேடயம் தலைவி வீட்டு ஷோகேஸில் இருக்கிறது, அவருடைய பேரனின் கராத்தே கோப்பைகளுக்குப் பக்கத்தில். சிறந்த பொதுத் தோட்டத்துக்காகக் கொடுத்தது. அது வந்த மாதமே நான் கழகத்திலிருந்து விலகிவிட்டேன். ஏன் என்று கேட்டவர்களிடம் முழங்கால் வலி என்றேன். வலி உண்மைதான். ஆனால் அதே காலை வைத்துக்கொண்டுதான் அதற்கு முன் ஒரு வருஷம் மண்வெட்டி பிடித்தேன் என்பது அவர்களுக்கும் தெரியும். யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டால் நான் சொல்லிவிடுவேனோ என்ற பயமாக இருக்கலாம். என் வாய் அப்படி.

கழகத்தில் இருபது பேருக்குள்தான் இருந்தோம். மாதத்தின் முதல் சனிக்கிழமை யாராவது ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் கூடுவோம். விதை, பதியன், ரோஜாக் குச்சி எல்லாம் கைமாறும். மாவுப்பூச்சிக்கு எதைத் தெளிப்பது, வேப்பம்புண்ணாக்கு எத்தனை பிடி என்ற பேச்சு முடிந்ததும் கேசரியும் பஜ்ஜியும் வரும். தலைவி ஜவுளிக்கடை முதலாளியின் மனைவி. எங்கள் எல்லோருக்கும் மேடம். நான் முப்பது வருஷம் அரசுப் பள்ளியில் டீச்சராக இருந்துவிட்டு ஓய்வு பெற்றவள். வருஷத்துக்கு ஒருமுறை பூ அலங்காரப் போட்டி நடக்கும். முருங்கைப் பூவையும் கத்தரிப் பூவையும் மட்டுமே வைத்து ஒரு முறை நான் முதல் பரிசு வாங்கினேன். அதைச் சொல்லாமல் என்னால் இன்றைக்கும் இருக்க முடியவில்லை, பாருங்கள்.

வீட்டு மாடியிலேயே பூத்துக்கொண்டிருந்தால் போதாது, சமூகப் பணி செய்ய வேண்டும் என்று மேடத்துக்குத் தோன்றியது. நல்ல இடங்களையெல்லாம் மற்ற சங்கங்கள் ஏற்கெனவே வளைத்துவிட்டிருந்தன. ரவுண்டானாவில் ஒரு சங்கத்தின் போர்டு, பஸ் ஸ்டாண்டு வாசலில் இன்னொன்று. கடைசியில் எங்களுக்குக் கிடைத்தது அரசு ஆஸ்பத்திரியின் பின்பக்கம், பிணவறைக்கு முன்னால் கிடந்த பொட்டல். எந்த ஊர் ஆஸ்பத்திரி என்று சொல்லப் போவதில்லை. அங்கே இருந்தவர்கள் மேல் எந்தக் குற்றமும் இல்லை.

முதல் நாள் போய்ப் பார்த்தோம். ஒரு வேப்பமரம், அதன் கீழே செய்தித்தாளை விரித்துப் படுத்திருந்த இரண்டு குடும்பங்கள், சுற்றிலும் பிளாஸ்டிக் தம்ளர்கள். உடம்பு வெளியே வரும்வரை சனங்கள் அங்கேதான் கிடக்க வேண்டும். மேடம் அதையெல்லாம் ஒரு சுற்று பார்த்துவிட்டு, "இங்க வெள்ளைப் பூ மட்டும்தான் வைக்கணும்" என்றார். மகள் வீட்டுக்கு வெளிநாடு போயிருந்தபோது வெள்ளைப் பூக்களே நிறைந்த தோட்டம் ஒன்றைப் பார்த்தாராம். மனசு அப்படியே அடங்கிப் போச்சாம். போனில் படமும் காட்டினார். அழகாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் ஆசை தொற்றிக்கொண்டது.

அந்த மண்ணில் கடப்பாரையைப் போட்டால் பொறி பறக்கும். எல்லாம் செம்மண் சரளை. குழிக்குக் குழி வண்டல் அடித்து, சாணம் மக்கவைத்துப் போட்டு, நந்தியாவட்டை, வெள்ளை அரளி, வெள்ளை இட்லிப்பூ என்று வரிசையாக வைத்தோம். பாதிக்கு மேல் என் கையால் வைத்தவை. ஆடு வராமலிருக்க இடுப்பளவுக் கம்பி வேலி போட்டு, நடுவில் ஒரு சின்னக் கேட்டும் வைத்தோம். தண்ணீர் விட்டவர் பிணவறை ஊழியர். தன் வேலையோடு இதையும் சேர்த்துப் பார்த்தார். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய், களை பிடுங்கி, போட்டோ எடுத்துக்கொண்டு வருவோம்.

முதல் மொட்டு விட்ட சமயம் அந்த ஊழியர் என்னிடம் தனியாகக் கேட்டார்.

"டீச்சர், பூத்துச்சுன்னா வாரவுக ரெண்டு பறிச்சுக்கிரலாமுல்ல? முக்காவாசிப் பேரு வெறுங்கையோட வந்து நிப்பாக. மாலை வாங்கணும்னா டவுனுக்குல்ல போகணும்."

நல்ல கேள்வி. நியாயமான கேள்வி. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆளாளுக்குப் பறிச்சா அப்புறம் தோட்டம் எங்கங்க இருக்கும்?" அடுத்த கூட்டத்தில் இதை நானே எடுத்துச் சொல்லி, போர்டு வைக்க வேண்டும் என்று தீர்மானம் போட வைத்தேன். வாசகமும் என்னுடையதுதான். 'பூக்களைப் பறிக்காதீர்கள். ரசியுங்கள்.' பெற்ற பிள்ளையைப் பிரேதமாக வாங்க வந்தவன் முன்னால் நின்று, ரசி என்று சொல்கிற போர்டு. எல்லோரும் கைதட்டினார்கள்.

ஆறேழு மாதத்தில் தோட்டம் நிஜமாகவே வந்துவிட்டது. காலை வெயிலில் பார்த்தால் கண் கூசும். மேடம் அதைப் போட்டிக்கு அனுப்பினார். வெளியூரிலிருந்து நடுவர்கள் மூன்று பேர் ஒரு வியாழக்கிழமை பத்து மணிக்குப் பார்வையிட வருகிறார்கள் என்று தகவல் வந்தது. அன்று விடிகாலையிலிருந்து காவல் இருக்க வேண்டியவள் நான். "ஒரு பூ கொறையக் கூடாது டீச்சர், ஒங்களத்தான் நம்பியிருக்கேன்" என்று மேடம் முதல் நாளே சொல்லிவிட்டார். என்னை நம்பினால் நான் விடுவேனா?

ஒன்பது மணிக்கு டீ குடிக்கக் கொஞ்சம் நகர்ந்தேன். திரும்பி வந்தால் வேலிக்குள்ளே ஒரு பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். கசங்கிய நைலக்ஸ் சேலை. நந்தியாவட்டைப் பூக்களை அவசரமில்லாமல், ஒவ்வொன்றாகக் காம்போடு கிள்ளி மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு செடி பாதி மொட்டையாகியிருந்தது.

"ஏம்மா, போர்டு கண்ணுக்குத் தெரியலையா?"

அவள் பயப்படவில்லை. நான் ஏதோ விவரம் கேட்டதுபோலப் பதில் சொன்னாள். கணவன் ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் பிளான்ட் வேலைக்காரன். மேலேயிருந்து விழுந்து, மூன்று நாள் வார்டில் கிடந்து, முந்தின நாள் சாயங்காலம் போய்விட்டான். கொழுந்தன் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கையெழுத்து வாங்கப் போயிருக்கிறான். வேறு ஆளில்லை.

"மொகத்த மூடுறதுக்கு முந்தி ரெண்டு பூவப் போட்ருவேம்மா. அவ்வளவுதான்."

"ஊருக்குப் போனா மாலை போட மாட்டாங்களா?"

"வெளிய செத்த ஒடம்ப ஊருக்குள்ள விட மாட்டாகம்மா. கீறுன ஒடம்பு வேற. வண்டி நேரா சுடுகாட்டுக்குப் போயிரும். என்னய எல்லையிலேயே எறக்கி விட்ருவாக. பொம்பளையாளு அங்கிட்டுப் போகக்கூடாதுல்ல. எனக்கு இங்கனதான்."

எனக்கு இங்கனதான். அவள் அதை அழாமல் சொன்னாள். எனக்கு விளங்காமல் இல்லை. நன்றாகவே விளங்கியது. இருந்தும் என் கை நீண்டது. முப்பது வருஷமாகப் பிள்ளைகளிடம் 'கையில என்ன, குடு இங்க' என்று பிடுங்கிப் பிடுங்கிப் பழகிய கை. பறித்த பூ திரும்பக் காம்பில் ஒட்டப் போவதில்லை. அதை அவளிடமே விட்டிருந்தால் தோட்டத்துக்கு ஒரு குறையும் வந்திருக்காது. ஆனால் மரத்தடியில் வேறு இரண்டு குடும்பங்கள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. இவளுக்குக் கொடுத்தால் அவர்களும் வருவார்கள் என்று மனசு கணக்குப் போட்டது. அதைவிடவும், பிடித்த பிடியை விட எனக்கு மனசில்லை. அதுதான் நிஜம்.

"இந்தக் கூடைல போடுங்க. பத்து மணிக்குப் பெரியவங்க பாக்க வாராங்க. அவங்க போகட்டும், நானே ஒரு கூடை நெறையப் பறிச்சுத் தர்றேன். ஒரு மணி நேரம் பொறுங்க" என்றேன்.

அவள் மடியை உதறி அத்தனையையும் கூடையில் கொட்டினாள். சேலையில் ஒட்டியிருந்த ஒன்றைக்கூட எடுத்துப் போட்டாள். "சரிங்கம்மா" என்று சொல்லிவிட்டு, கேட்டைச் சாத்திக் கொக்கியையும் மாட்டிவிட்டுப் போய் மரத்தடியில் உட்கார்ந்தாள்.

ஒன்பதரைக்கு மேடம் பட்டுப்புடவையில் வந்து இறங்கினார். கையோடு ஒரு பித்தளை உருளி கொண்டுவந்திருந்தார். கூடையைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. நடந்ததைச் சொன்னேன். "பாவம்தான்" என்றார். பிறகு, "சரி, பறிச்சது பறிச்சாச்சு, வீணாக்குவானேன்" என்று கூடையை வாங்கி, உருளியில் தண்ணீர் ஊற்றி, பூக்களை வட்டம் வட்டமாக மிதக்க விட்டார். தோட்டத்து வாசலில் வைத்தார். மேடத்தைக் குறை சொல்லி நான் தப்பித்துக்கொள்ளப் போவதில்லை. வெளி வட்டம் சரியாக வரவில்லை என்று உட்கார்ந்து திருத்தியது நான். மரத்தடியிலிருந்து அந்தப் பெண் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

பத்து ஆனது. பத்தரை ஆனது. நடுவர்கள் வழியில் டிபன் சாப்பிட நின்றிருக்கிறார்களாம். பதினொன்றுக்குக் கொழுந்தன் காகிதங்களோடு வந்தான். அமரர் ஊர்தியும் வந்து நின்றது. பிணவறை ஊழியர் கையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தார்.

"டீச்சர், அந்தம்மா ஆளு ரெடி. மொகம் காட்டப் போறேன். பூவு தாரேன்னு சொன்னீங்களாம்."

நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே, "பாலம் தாண்டிட்டாங்களாம், பத்தே நிமிஷம்" என்றார்.

"பத்து நிமிஷம் நிக்கச் சொல்லுங்களேன்" என்றேன் ஊழியரிடம்.

அவர் உருளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உள்ளே போனார். நிறுத்தி வைக்க அவரால் முடியுமா? அந்த வண்டிக்கு அடுத்த ஊரில் அடுத்த பிணம் காத்திருக்கிறது. எனக்கு அது தெரியாதா? தெரிந்துதான் சொன்னேன். முடியாது என்று சொல்லாமல் முடியாது என்று சொல்வதற்கு வாத்தியார் வேலையில் நல்ல பழக்கம் உண்டு.

உள்ளே அவர்கள் முகம் காட்டியபோது நான் போகவில்லை. அழுகைச் சத்தம் ஒரு முறை கேட்டது. அது கொழுந்தனுடையது. அவளுடையது கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வெள்ளைத் துணியில் சுற்றிய உடம்பை ஏற்றினார்கள். துணி மேல் ஒன்றுமே இல்லை. சுற்றிலும் நூற்றுக்கணக்கில் வெள்ளைப் பூ. கொழுந்தன் முன்னால் டிரைவரோடு ஏறிக்கொண்டான். அவள் பின்னால், உடம்புக்குப் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்தாள்.

வண்டி கிளம்பி எங்கள் வாசலுக்கு நேராக வந்தபோது, எதிரே நடுவர்களின் கார் உள்ளே திரும்பியது. வழி குறுகல். காருக்கு இடம் விடுவதற்காக ஊர்தி சற்று ஒதுங்கி நின்றது. பின் ஜன்னல் என் கைக்கு எட்டுகிற தூரம். கண்ணாடி திறந்திருந்தது. உருளி என் காலடியில். இரண்டு கையையும் விட்டு அள்ளி உள்ளே போட்டிருந்தால் போதும். எத்தனை நேரம் ஆகியிருக்கும்? இதை எத்தனையோ முறை என் வீட்டுக் கூடத்தில் நின்று கையை நீட்டிப் பார்த்திருக்கிறேன். வெட்கம்கெட்ட வேலை. ஆனால் செய்து பார்த்திருக்கிறேன். இரண்டு மூச்சு விடுகிற நேரம்தான்.

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் சங்கடப்பட்டாள். சொன்ன சொல்லைக் காப்பாற்ற முடியாமல் போனவள்போல.

"ஒரு மணி நேரம் பொறுக்கச் சொன்னீங்கம்மா. வண்டி நிக்க மாட்டேங்குது. கோவிச்சுக்கிராதீக."

கார்க் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மேடம் என் தோளைத் தொட்டார். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று வாயைத் திறந்தேன். எந்த விருந்தாளிக்கும் சொல்வதுபோல வந்துவிட்டது.

"அதனால என்ன. போயிட்டு வாங்க."

பிணத்தோடு போகிறவளிடம் யாரும் சொல்லாத சொல். சின்னப் பிள்ளைகூடச் சொல்லாது. அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. பிறகு, என்னை மன்னிப்பதுபோல, தலையை மட்டும் ஆட்டினாள். ஊர்தி நகர்ந்தது. அது கிளப்பிய தூசி உருளித் தண்ணீரில் படிந்தது. நடுவர்கள் வருவதற்குள் நான் உட்கார்ந்து, முந்தானை நுனியால் அதைத் துடைத்து எடுத்தேன்.