ஆண்டவர் பார்த்த பாயிண்ட்

செட்டிகுளம் பக்கம் போர் போட இடம் பார்த்துச் சொல்லும் ஆண்டவர் இந்த மண்ணில் பிறந்தவரில்லை. செட்டிகுளத்து மண்ணை மட்டுமல்ல, பூமி மொத்தத்தையும் சேர்த்துத்தான் சொல்வது. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் வானத்திலிருந்து வந்து இறங்கிய அவருடைய சனங்கள் நாற்பத்தோரு பேர், மணிமொழியின் வெங்காயக் காட்டுக்கு அடியில் படுத்துத் தூங்கிப் போனார்கள். காவல் வேலையை இவர் தலையில் கட்டினார்கள். யாரிடமும் மூச்சு விடக்கூடாது; விட்டால் திரும்பிப் போகும்போது இவரை இங்கேயே கழற்றி விட்டுவிடுவார்கள்.

தூங்குகிறவர்களுக்கு என்ன? ரேஷன் கார்டுக்கு அலைந்தது இவர். பெயர் கேட்ட கிளார்க்கிடம் முழித்து, சுவரில் தொங்கிய சாமி காலண்டரைப் பார்த்து ஆண்டவர் என்று உளறியதும் இவர்தான்.

தண்ணீர் எங்கே ஓடுகிறது என்பது அவர் கண்ணுக்கு அப்படியே தெரியும். தண்ணீர் உள்ள இடத்தில் தானாக நிமிரும் என்று கையில் ஏந்தும் தேங்காய் ஊருக்காக. மணிமொழி காட்டில் இருப்பது ஒரே ஊற்று, அதுவும் வேப்பமர மூலையில், சனங்களின் தலைமாட்டை ஒட்டி. அங்கே துளை போட்டால் அவர்கள் தூக்கம் கெடும். அதனால் போன மாதம் வேண்டுமென்றே கிழக்கே கை காட்டினார். போர் போட்டதில் புழுதிதான் பறந்தது. வந்த புதிதில் ஊர் பேர் கேட்காமல் சோறு போட்டவளுக்கு அவர் செய்த கைம்மாறு அது. நினைக்க நினைக்க அவருக்கே பற்றிக்கொண்டு வந்தது.

இன்றைக்கு மறுபடியும் வரச் சொல்லிவிட்டாள். வெங்காயத்தாள் தண்ணீரில்லாமல் வாடித் தலை சாய்ந்துவிட்டது. மேற்கே ஒதுங்கிவிடலாம் என்றுதான் நடந்தார். வேப்பமரத்தைத் தாண்டும்போது, கீழே இருந்தவர்களின் மூச்சு இழுத்ததில், சனியன் பிடித்த தேங்காய் தானாக நட்டுக்கொண்டு நின்றது.

"நின்னுருச்சு!" போர் வண்டிக்காரர் கவுஸ் துள்ளிக் குதித்து வண்டியைக் கிளப்பினார். லப்பைக்குடிக்காட்டுக்காரர், ஆண்டவரின் சிநேகிதர்.

"நிறுத்துய்யா! அங்க வேணாம்!"

"யோவ், ஒரு நெலையில நில்லுய்யா. உன் கையிலதானே நின்னுச்சு?"

மணிமொழி குறுக்கே வந்தாள். "இந்த வாட்டியும் தண்ணி வரலன்னா வெங்காயம் அம்புட்டும் போச்சுண்ணே. ஒளிக்காம சொல்லு, அங்க என்ன இருக்கு?"

காதுக்குள் சனங்களின் தூக்கக் குரல் வேறு, சொல்லாதே சொல்லாதே என்று நச்சரித்தது. ஆண்டவர் வெடித்துவிட்டார்.

"என் சனங்க படுத்திருக்காங்க! நாப்பத்தோரு பேரு! போதுமா?"

கவுஸ் எஞ்சினை அணைத்தார். சிரிக்கப் போகிறார்கள் என்று ஆண்டவர் நினைத்தார். மணிமொழி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"உன் சனத்த இங்கயா பொதைச்சிருக்கு? இத சொல்ல இம்புட்டு வருஷமாண்ணே?"

"கபுர் இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வண்டிய ஏத்தியிருப்பனா? தவ்பா, தவ்பா!" என்று கவுஸ் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"வண்டிய திருப்புங்க பாய். படுத்திருக்கவங்க மேல ஓட்ட போட்டு வர்ற தண்ணி எனக்கு வேணாம். காயுறது காயட்டும்" என்றாள் மணிமொழி. சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு காய்ந்த பாத்தியையே பார்த்தாள்.

உளறிவிட்டாயே, உன்னை விட்டுவிட்டுத்தான் போவோம் என்றது குரல்.

ஆண்டவர் விறுவிறுவென்று தலைமாட்டைத் தாண்டி ஆறடி நடந்து, ஊற்றின் மேலேயே குச்சியை அடித்தார். "இங்க போடு கவுசு. அவங்க மேல படாது. நூத்தியெண்பது அடியில தண்ணி."

"இவ்ளோ கிட்டவா? அவங்க தூக்கம் கெடாதாண்ணே?" என்றாள் மணிமொழி.

"கெடட்டும்! எந்திரிச்சு ஆளுக்கு ஒரு சொம்பு தண்ணி குடிச்சிட்டுக் கெளம்பட்டும். நான் போவல."