லாடாவுக்கு ஹாண்டில் போட்ட நாள்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சாரதி இல்லாமல் என்னை நோக்கி வந்த ஒரு காரை, முன்னால் நின்று இரண்டு கைகளாலும் தள்ளி நிறுத்த முயன்றவன் நான். பௌதிகம் படித்தவன். ஊரில் அதைப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவனும்கூட.

1. ரஷ்யா தெரிந்தவர்

எண்பதுகளின் நடுவில் ஆக்லாந்தின் மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு கார் யார்டில் சேல்ஸ்மன் வேலை கேட்டுப் போனேன். அங்கே விற்றது லாடா என்ற சோவியத் கார். முதலாளி பேரி கேட்டது ஒரே கேள்விதான். ரஷ்யாவைப் பற்றி ஏதாவது தெரியுமா? தெரியும் என்றேன். பொய்யில்லை. மொஸ்கோவில் தமிழில் அச்சடித்து, யாழ்ப்பாணத்தில் சல்லிசாக விற்ற தடித்த நாவல்களையெல்லாம் வாசித்திருந்தேன். அவற்றில் பனி வரும், குதிரை வண்டி வரும், கடனில் மூழ்கிய பிரபுக்கள் வருவார்கள். கார் மட்டும் வராது. பேரி அதைத் துருவிக் கேட்கவில்லை.

வேலை கிடைத்ததும் லாடாவின் வரலாற்றைப் பாடமாக்கினேன். வருகிறவர்களை நிற்கவைத்து ஒப்புவிப்பேன். வரைந்தது இத்தாலியர். சோவியத்காரர் அந்த வரைபடத்தை வாங்கி, வொல்கா கரையில் தொழிற்சாலை கட்டினார்கள். இத்தாலியக் காரைத் தங்கள் ரோட்டில் ஓட்டிப் பார்த்தார்கள், அது தாங்கவில்லை. தகட்டைத் தடிப்பாக்கினார்கள், சஸ்பென்ஷனை உயர்த்தினார்கள், சேற்றுக்குத் தோதாகப் பின் சக்கரங்களின் டிஸ்க் பிரேக்கை எடுத்துவிட்டு டிரம் பிரேக் போட்டார்கள். குளிரில் பற்றரி செத்தால்? அதற்கும் வழி இருந்தது. முன் பம்பரில் ஒரு ஓட்டை, அதற்குள் விட்டுச் சுற்றி ஸ்டார்ட் பண்ண ஒரு ஹாண்டில். நியூசிலாந்து இதற்குக் காசுக்குப் பதிலாக வெண்ணெய் கொடுத்தது என்ற கட்டம் வரும்போது பாதிப்பேர் வாசலை நோக்கி நகர்ந்திருப்பார்கள்.

நான் அந்த வேலையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்ததற்குக் காரணம் காரல்ல. மனைவியும் மகளும் கொழும்பில், தெரிந்தவர் வீட்டில் ஓர் அறையில் இருந்தார்கள். வீதியில் சோதனை, இரவில் கதவு தட்டுவார்களோ என்ற பயம். அவர்களுக்கு விசா கிடைக்க வேண்டுமென்றால் எனக்கு நிரந்தர வேலை இருக்கிறது என்று முதலாளி குடிவரவு அலுவலகத்துக்கு எழுத வேண்டும். "இந்தக் கிழமைக்குள்ள எழுதுறன், மேட்" என்றிருந்தார் பேரி. அவர் பேசியது ஆங்கிலம்; எங்களூர்த் தமிழில் தருகிறேன்.

2. வெள்ளிக்கிழமை பிற்பகல்

கிளென்ஃபீல்டிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். சுந்தரம், கோயம்புத்தூர்க்காரர். மனைவி விஜயா. தமிழில் வரலாறு சொல்ல ஆள் கிடைத்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. சுந்தரம் முழுவதையும் கேட்டார். விஜயா முன் இருக்கையில், சாரதி இருக்கைக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார்.

"ஏங்க, டிராக்டர்ல உக்காந்த மாதிரி இருக்கு."

"அதான் ஸ்ட்ராங்கு. சார் சொன்னாருல்ல, தகடு தடிமன்."

"சார், இவரு ஹெட்லைட்ட அணைக்கவே மாட்டாரு. பேட்டரி செத்துப்போயிடும், நான் எறங்கித் தள்ளணும். இதையும் நான்தான் தள்ளணுமா?"

"தள்ளவே தேவையில்லை அக்கா. ஹாண்டில் போட்டுக் காட்டுறன். நீங்கள் இறங்கவும் வேண்டாம்."

இங்கே ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுப் பழைய காருக்கு ஹாண்ட் பிரேக் பேருக்குத்தான். நிறுத்தினால் முதலாம் கியரில் விட்டு இறங்குவோம். அன்று காலை இந்த லாடாவையும் அப்படித்தான் நிறுத்தியிருந்தேன், ரோட்டை நோக்கிச் சரிந்த யார்டில், ஹாண்ட் பிரேக் இழுக்காமல். ஊரில் கார் ஸ்டார்ட் எடுப்பதென்றால் ஐயா, அதாவது என் அப்பா, உள்ளே இருப்பார், நான் வெளியே நின்று ஹாண்டில் அடிப்பேன். கியரை நியூட்ரலுக்கு மாற்றுவது அவருடைய இலாகா. ஒருநாளும் அதைப் பற்றி நான் யோசித்ததில்லை. அன்றும் யோசிக்கவில்லை; லாடா முதலாம் கியரிலேயே கிடந்தது.

ஜன்னலால் கையை விட்டுச் சாவியைத் திருப்பினேன். முன்னால் வந்து ஹாண்டிலைக் கொடுத்துச் சுற்றினேன். வழக்கத்தைவிட இறுக்கமாக இருந்தது. ரஷ்ய இரும்பு என்று நினைத்துக்கொண்டேன். கார் என் பக்கமாக ஓர் அங்குலம் நகர்ந்த மாதிரி இருந்தது. பிரமை என்று நினைத்துக்கொண்டேன். மூச்சைப் பிடித்து இன்னொரு சுற்று.

எஞ்சின் பிடித்தது. காரும் கிளம்பியது.

பம்பர் முழங்காலில் முட்டும்வரை எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதன் பிறகுதான் அந்தத் தள்ளல். பொனட்டில் இரு கைகளையும் ஊன்றி, பின்னோக்கி ஓடியபடி, ஒரு சோவியத் காரோடு மல்லுக்கட்டினேன். கால் தடுக்கிப் பக்கவாட்டில் விழுந்ததால் உயிர் தப்பினேன். கார் என்னைக் கடந்து ரோட்டை நோக்கிப் போனது. ரோட்டில் பஸ் ஓடிக்கொண்டிருந்தது.

"விஜயா! பிரேக்க மிதி!" சுந்தரம் கூடவே ஓடினார்.

"பிரேக்கு அந்தப் பக்கமில்ல இருக்கு! யோவ் சார்!"

யார்ட் வாசலில் பேரியின் சொந்தக் கார் நின்றது. ஜப்பான் கார், புத்தம் புதிது. லாடா அதன் கதவில் போய் மோதி, மேலும் தள்ளிக்கொண்டு போகப் பார்த்தது. அப்போது விஜயா எட்டிச் சாவியைத் திருப்பினார். எஞ்சின் நின்றது.

பேரி கையில் சாண்ட்விச்சோடு வெளியே வந்தார். கதவைப் பார்த்தார், லாடாவைப் பார்த்தார், தரையில், கழன்று விழுந்த ஹாண்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். வாயிலிருந்ததை மென்று விழுங்க மறந்துபோனார். சுந்தரம், பதற்றத்தில் என்ன செய்வதென்று தெரியாமல், லாடாவின் பம்பரைத் தடவிப் பார்த்து, "தகடு தடிமன்தான்" என்றார்.

விஜயா கதவைத் திறந்து இறங்கினார்.

"வண்டி கெட்டியாத்தான் சார் இருக்கு. விக்கிற ஆளுதான் லூசா இருக்காரு."

அவர்கள் லாடா வாங்கவில்லை.

3. பிறகு

"வீட்டுக்குப் போ" என்றார் பேரி. அந்தச் சனி ஞாயிறில் நான் சாப்பிட்டதாக ஞாபகமில்லை. கண்ணை மூடினால் காருக்குள் அந்தப் பெண்ணின் முகம். திறந்தால் எழுதப்படாத கடிதம்.

திங்கட்கிழமை என்னை ஸ்பெயார் பார்ட்ஸ் பக்கம் அனுப்பினார்கள். வேலை போகவில்லை. கடிதத்தைப் பற்றிக் கேட்க வாய் வரவில்லை. பேரியின் கார் கராஜிலிருந்து திரும்பி வந்தது. அப்போதும் கேட்க வாய் வரவில்லை.

ஒருநாள் கொழும்பிலிருந்து மனைவி போன் எடுத்தாள். "இஞ்சாருங்கோ, எங்களுக்கு விசா சரிவந்திட்டுது! உங்கட முதலாளின்ர கடிதம் நல்லா இருந்ததாம். அழாதேங்கோ, காசு ஏறுது."

தன் புதுக் காரை நெளித்தவனுக்கு, தன் வாடிக்கையாளரைக் கொல்லப் பார்த்தவனுக்கு, இந்த மனிதர் நல்ல வார்த்தை எழுதியிருக்கிறார். இருபது ரஷ்ய நாவல்கள் சொல்லித் தராததை ஒரு கார் வியாபாரி சொல்லித் தந்துவிட்டார் என்று தோன்றியது. தொழிலில் நான் கற்ற பாடம் இதுதான்: ஹாண்டில் போடுமுன் கியரை ஆட்டிப் பார்க்க வேண்டும், மனிதர்களை அவசரப்பட்டு எடைபோடக் கூடாது.

இரண்டாவதை பேரியிடமே சொல்லிவிடுவது என்று அவர் அறைக்குப் போனேன். கண் கலங்க, கொஞ்சம் நீளமாகவே நன்றி சொன்னேன். அத்தனை நடந்த பிறகும் நீங்கள் எழுதினீர்களே என்றேன்.

பேரி பேனாவைக் கீழே வைத்தார்.

"அது அந்த வெள்ளிக்கிழமை காலமைத் தபாலிலயே போயிட்டுது, மேட். கார் இடிபட்ட பிறகு, பின்னேரம் நான் போஸ்ட் ஒஃபிசுக்கு ஓடிப்போய்த் திருப்பித் தரச் சொல்லிக் கேட்டனான். தரமாட்டமெண்டிட்டாங்கள்."