பதினோராவது நீலக் கோட்டு

கிண்டித் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில், ஆட்களின் வருகையைப் பதிவுசெய்யும் டைம் ஆபீஸில் வேலை பார்த்தேன். தீப்பிடித்தால் எல்லோரும் கேட்டருகே இருக்கும் தூங்குமூஞ்சி மரத்தடிக்கு வந்துவிட வேண்டும். நான் தலைகளை எண்ணி ஒரு தாளில் எழுதி மேனேஜரிடம் கொடுக்க வேண்டும். ஒரு தலை குறைந்தால் தீயணைப்புக்காரர்கள் உள்ளே போய்த் தேடுவார்கள். குறையாவிட்டால் தேடமாட்டார்கள். அந்தத் தாளுக்கு வேறு உபயோகம் கிடையாது. எம்.ஏ. படித்தவனுக்கு இது கடினமான வேலை அல்ல.

நிரந்தரத் தொழிலாளர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன், கை தூக்குவார்கள். துப்புரவுப் பெண்கள் கான்ட்ராக்ட். அவர்களுக்கு என் தாளில் ஒரே வரி: 'துப்புரவு – 11'. எல்லோருக்கும் நீலக் கோட்டு என்பதால் கோட்டுகளை எண்ணினால் போதும். இந்த ஏற்பாட்டைச் செய்தவன் நான்தான். ஒத்திகையில் ஐந்து நிமிடத்துக்குள் கணக்கு முடிந்தால் மேனேஜருக்கு மகிழ்ச்சி. நான் நான்கில் முடிப்பேன்.

ஒரு நாள் மதியச் சாப்பாடு முடிகிற நேரத்தில் பேக்கிங் பிரிவில் அட்டைப்பெட்டிகள் எரிந்தன. தீ சிறியது, புகை பெரியது. சங்கு ஊதியதும் எல்லோரும் வெளியே வந்தார்கள், சிலர் டிபன் பாக்ஸோடு. நீலக் கோட்டுகளை எண்ணினேன். பதினொன்று. கான்ட்ராக்டரின் மேஸ்திரியையும் ஒரு வார்த்தை கேட்டேன்.

"அதான் நீங்களே எண்ணிட்டீங்களே சார், அப்புறம் இன்னா? பதினொண்ணு கீது" என்றான்.

எழுதிக் கொடுத்தேன். நான்கு நிமிடம். "உள்ள ஒருத்தரும் இல்ல சார், கணக்கு டேலி" என்று மேனேஜர், வண்டியில் வந்து இறங்கிய தீயணைப்பு அதிகாரியிடம் சொன்னார். அவர்கள் வெளியே நின்றபடி தண்ணீர் அடித்தார்கள்.

இருபது நிமிடம் கழித்துக் கட்டடத்தின் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு ஒரு பெண் வந்தார். கோட்டு இல்லை. மூக்கைச் சுற்றிக் கரி. கேன்டீனில் கான்ட்ராக்ட் ஆட்கள் உட்காரக் கூடாது. அதனால் சாப்பிட்டுவிட்டு மாடிப்படிக்குக் கீழே துடைப்பம் வைக்கும் அறையில் படுத்திருக்கிறார். தன் கோட்டை, புடவை நனைந்துபோன ஒரு கேன்டீன் பாத்திரம் கழுவுகிறவளிடம் கழற்றிக் கொடுத்திருக்கிறார். என் பதினோராவது கோட்டுக்குள் நின்றது அந்தப் பாத்திரக்காரி. கேன்டீன் ஆட்களை எண்ணுவது கேன்டீன்காரர் பொறுப்பு. அவர் எண்ணவே இல்லை.

"இன்னாக்கா, கருகின வடையாட்டம் வந்து நிக்கற?" என்று மேஸ்திரி சிரித்தான்.

"கத்தி கத்தி தொண்ட போச்சு. பதினோரு பொம்பளைய எண்ணத் தெரில, நீயெல்லாம் ஒரு மேஸ்திரி!" என்று அவர் இருமலுக்கு நடுவே திட்டினார். எண்ணியவன் நான். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

மாலையில் மேனேஜர் கூப்பிட்டு, "டேலின்னு சொல்லியாச்சு, அப்படியே இருக்கட்டும்" என்றார். அவர்மீது பழி போட இதை எழுதவில்லை. அவர் கூப்பிடும் முன்பே, 'துப்புரவு – 11' என்ற வரிக்குக் கீழே பதினோரு பெயர்களை எழுதி முடித்திருந்தேன். மரத்தடியில் இருந்ததாக ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கினேன்.

"நான் உள்ளதானே சார் இருந்தேன்?" என்றார் அந்தப் பெண்.

"சும்மா ஒரு பார்மாலிட்டிம்மா."

எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டார்.

அவருடைய இருமல் நிற்கவில்லை. மூன்று மாதம் கழித்து டைம் ஆபீஸ் ஜன்னலில் வந்து நின்றார். புகையில் மாட்டிக்கொண்டதாகத் தொழிற்சாலையிலிருந்து ஒரு கடிதம் கொண்டுவந்தால், சம்பளத்தோடு லீவும் தொடர்ந்து வைத்தியமும் கிடைக்கும் என்று தொழிலாளர் ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். நான் கோப்பை எடுத்து அவருடைய கையெழுத்தைக் காட்டினேன்.

"ரெக்கார்டுப்படி நீங்க வெளிய இருந்திருக்கீங்கம்மா."

கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி சார். நான் வெளிய இருந்தேன்னா, இந்த இருமல் யாருது?"

நான் கோப்பை மூடினேன். அந்த மாதக் கடைசியில் அவர் வேலையிலிருந்து நின்றுவிட்டார். கான்ட்ராக்டர் வேறு பெண்ணை அனுப்பினார், அதே கோட்டில். என் தாளில் எண் மாறவில்லை.

இப்போது ஓய்வுபெற்று மயிலாப்பூரில் இருக்கிறேன். போன மாதம், நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதினேன்: அவர் உள்ளே இருந்தார், கணக்கு பொய், பொய் என்னுடையது. அடையாற்றங்கரைக் குடிசைகளை அகற்றியபோது அவர் குடும்பத்துக்குப் பெரும்பாக்கத்தில் வீடு ஒதுக்கிவிட்டார்கள் என்று மேஸ்திரி சொன்னான். பஸ் பிடித்துப் போனேன்.

அவர் கீழே தண்ணீர்க் குடத்தோடு நின்றிருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. "டைம் ஆபீஸ் சார்தானே? மேல வாங்க." வீடு நான்காவது மாடி, லிப்ட் ஓடவில்லை. குடத்தை நான் வாங்கிக்கொண்டேன். எனக்கு எழுபத்திரண்டு வயது. அவர் என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவர். இரண்டாவது மாடியில் அவருக்காக நான் நிற்க வேண்டியிருந்தது. மூன்றாவதிலும்.

கடிதத்தை ஜன்னலருகே கொண்டுபோய் மெதுவாகப் படித்தார். "இத்த இப்போ யாராண்ட குடுக்கறது?"

ஆஸ்பத்திரிக்கு நானே கூட வந்து சொல்கிறேன் என்றேன். இத்தனை வருடத்துக்குப் பிறகு ஏற்றுக்கொள்வார்களா என்று எனக்குத் தெரியவில்லை. அதையும் சொன்னேன்.

என் கையெழுத்துக்குக் கீழே இருந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுலயும் நான் கையெழுத்து போடணுமா சார்?"

வேண்டாம் என்றேன். அவர் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் ஒரு முறை பார்த்துக்கொண்டார்.