கறுப்பியைத் திறந்துவிட்ட மத்தியானம்

யுத்தம் முடிந்து ஏழெட்டு வருடங்கள் ஆகியிருந்த நேரம். புத்தளத்துப் பக்கம் முந்தலில், ரோட்டை விட்டு உள்ளே, கைவிட்ட இறால் பண்ணை ஒன்றுக்குப் பின்னாலுள்ள தென்னந்தோட்டத்தில் நான் தனியாக இருந்தேன். சின்ன வயதில் வன்னியிலிருந்து இடம்பெயர்ந்து புத்தளத்துக்கு வந்தவள் நான். சண்டை நின்றதும் அம்மாவும் சகோதரங்களும் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். பக்கத்து ஊரான உடப்பைச் சேர்ந்தவரைக் கட்டியிருந்ததால் நான் இங்கேயே நின்றுவிட்டேன். அப்படி நின்ற என்னை விட்டுவிட்டு அவரும் கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டார். பிள்ளைகளும் இல்லை.

போகும்போது அவர் என் பொறுப்பில் விட்டுப்போனது இரண்டு சண்டைச் சேவல்களும் மூன்று பேட்டுக்கோழிகளும். சேவல்களைச் சண்டைக்கு விடுகிற ஆள் இல்லை அவர். நல்ல இனமாகப் பெருக்க வேண்டும் என்பதுதான் அவருடைய விசர். சிலாபத்திலிருந்துகூட அவரிடம் குஞ்சு கேட்டு வருவார்கள். சேவல் உடம்பைத்தான் கொடுக்கும், துணிச்சல் தாயிடமிருந்துதான் வரும் என்பது அவர் கட்சி. அதனால் பேடுகளில் எது பொல்லாததோ அதற்குத்தான் வீட்டில் மரியாதை.

அந்தப் பொல்லாதவள்தான் கறுப்பி. கூட்டைத் திறந்தால் போதும், பறந்து வந்து முழங்காலுக்குக் கீழே கொத்துவாள். சுளகைக் கேடயம் மாதிரிப் பிடித்துக்கொண்டுதான் தீன் வைக்கப் போவேன். தழும்பு இன்னும் இருக்கிறது. உதைக்கவும் கூடாது, ஓடவும் கூடாது என்று அவர் சொல்லியிருந்தார். முதுகில் கையை வைத்து நிலத்தோடு அமத்திப் பிடிக்க வேண்டும். திமிறல் அடங்கியதும் தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வளவைச் சுற்றி நடக்க வேண்டும். தினமும் அரை மணித்தியாலம் இப்படிச் செய்தால் பழகிவிடுமாம். கோதாரி பிடித்த வேலை என்று திட்டிக்கொண்டேதான் ஆரம்பித்தேன்.

ஆனால் நடக்க நடக்க அவளோடு கதைக்கத் தொடங்கிவிட்டேன். தேங்காய் விழுந்ததைச் சொன்னேன், அம்மா போன் எடுக்காததைச் சொன்னேன். இரண்டு மூன்று நாளாக வேறு எந்த மனிதரோடும் கதைக்கவில்லை என்பது சில வேளைகளில் அப்போதுதான் எனக்கே உறைக்கும்.

பொழுதுபடும் நேரத்தில் அவர் வீடியோவில் வருவார். முதல் கேள்வியே, "கறுப்பி எப்பிடி?" பிறகு, "அவளைத் தூக்கிக் கிட்டப் பிடி, பாப்பம்." பத்து நிமிடம் கதைத்தால் எட்டு நிமிடம் கோழிக்கதை. செத்தாலும் கோழிக்குத் தீன் வைத்துவிட்டுத்தான் சாக வேண்டும் போலிருக்கிறது என்று எனக்குள் எரியும். அவளைத் தூக்கிக் காட்டிவிட்டு நான் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அவர் போட்ட சட்டங்களில் பெரியது ஒன்று உண்டு. பேடுகளைத் தனித்தனிக் கூட்டில்தான் வைக்க வேண்டும். சேர்த்து விட்டால் ஒன்றையொன்று கிழித்துப்போடும். அவர் சொல்லும் சேவலோடு, அவர் சொல்லும் நாளில் மட்டும்தான் வெளியே விடலாம். அப்படி ஒரு கிழமை கறுப்பியையும் பெரிய சேவலையும் சேர்த்துவிட்டேன். இந்த முறை வரும் குஞ்சுகளை நம்பித்தான், லீவில் வந்து புதுக்கூடு அடிக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். முதல் சோடி சிலாபத்துக் கூட்டாளிக்கு என்று வாக்கும் கொடுத்துவிட்டார்.

அதே கிழமையில் ஒரு மத்தியானம். காற்றுக்கூட இல்லை. கறுப்பி கூட்டுக்கம்பிக்குள்ளால் வெளியே பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றாள். எனக்கு என்ன வந்ததோ தெரியாது. போடி, போய்க் கொஞ்சம் காற்று வாங்கு என்று கதவைத் திறந்துவிட்டேன். கிணற்றடியில் உடுப்பு அலசிவிட்டு வந்து பார்த்தால், ரோட்டோர வீட்டு நாட்டுச் சேவல் வேலிக்குள்ளால் புகுந்து வந்திருக்கிறது. மனிசரைக் கண்டால் பாய்கிறவள் அவனோடு மட்டும் சண்டைக்கே போகவில்லை! பார்த்துக்கொண்டு நிற்கவே நடக்க வேண்டியது நடந்துவிட்டது. கல்லெறிந்து அவனைத் துரத்தினேன். ஒரு தரம்தானே, என்ன வந்துவிடப்போகிறது என்று நானே என்னைத் தேற்றிக்கொண்டேன். அவரிடம் மூச்சும் விடவில்லை.

அடுத்த நாளிலிருந்து அவள் இட்ட ஒன்பது முட்டையையும் அடைக்கு வைத்தேன். ஏழு பொரித்தன. போனில் காட்டியபோது அந்த மனிசன் சிரித்த சிரிப்பு! கட்டாருக்குப் போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அந்தச் சிரிப்புக்குப் பிறகு எப்படி உண்மையைச் சொல்வது? இரண்டரை மாதம் ஒவ்வொரு நாளும் குஞ்சுகளைக் காட்டிக் காட்டிப் பொய் சொன்னேன்.

பிறகு ஒரு காலை சிலாபத்துக் கூட்டாளி வந்தார். ஒவ்வொரு குஞ்சாகத் தூக்கி நெஞ்செலும்பைத் தடவினார், காலை நீட்டிப் பார்த்தார். நாலாவது குஞ்சில் அவர் கை நின்றது.

"தங்கச்சி, கறுப்பி எப்பயாவது வெளிய போனாளா?"

"ஒரே ஒரு மத்தியானம்தான் அண்ணே" என்றேன்.

"அடக் கடவுளே! வேற சேவல் ஏறினா மூண்டு கிழமைக்கு முட்டையை நம்பேலாதே. இந்த நாலும் பாருங்க, கால் கட்டை, உடம்பெல்லாம் பஞ்சு. மத்த மூண்டும் நல்ல மாதிரித்தான் இருக்கு. ஆனா ஆர் அப்பன் எண்டு ஆர் சத்தியம் பண்றது?"

கூட்டாளி ஏசவில்லை. கறிக்கு நல்லா இருக்கும் என்று பகிடி வேறு விட்டார். போகும்போது மட்டும், "பின்னேரம் அவன் எனக்குப் போன் எடுப்பான். கேட்டா என்னால மறைக்கேலாது" என்றார்.

அவர் மோட்டார் சைக்கிள் வாசற் படலையைத் தாண்டவில்லை, அதற்குள் நான் கட்டாருக்குப் போன் எடுத்துவிட்டேன். வேலை நேரத்தில் நான் எடுப்பதே இல்லை.

"என்ன? ஆருக்கு என்ன?" என்று பதறினார்.

ஒன்றும் விடாமல் சொன்னேன். இயந்திர இரைச்சலை விட்டுத் தள்ளி வந்து கேட்டார்.

"அவ்வளவு சொல்லியும் ஏன் திறந்தனி?"

"தனிய நிண்டவள். பாவமாக் கிடந்தது" என்றேன். பிறகு என்னை அடக்க முடியவில்லை. "உங்களுக்குக் கோழி மட்டும்தானே கண்ணில தெரியுது? இஞ்ச ஒருத்தி இருக்கிறாள் எண்டு எப்பயாவது கேட்டனீங்களா?"

ஏசப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் மெதுவாகத்தான் கேட்டார்.

"வேற என்னத்தைக் கேக்கச் சொல்றாய்? எப்பிடி இருக்கிறாய் எண்டு கேட்டா நீ அழுவாய். நீ அழுதா எனக்கும் வரும். ஒரு அறைக்க எட்டுப் பேர் படுக்கிறம். அவங்களுக்கு முன்னால நான் அழவா? கறுப்பியைக் கிட்டப் பிடி எண்டா உன்ர முகமும் சேந்து தெரியும். அதுக்குத்தான் கேக்கிறனான், விசரி."

நான் வாசல் குந்திலேயே இருந்துவிட்டேன். அவருடைய மேற்பார்வையாளர் கூப்பிடும் சத்தம் கேட்டது. அப்போதும் அவர் போனை வைக்கவில்லை.

குஞ்சுகளை என்ன செய்வது என்று பிறகு கேட்டேன். நிற்கட்டும், முட்டைக்கு உதவும் என்றார். புதுக்கூட்டுக் கதையை அந்த வருடம் அவர் எடுக்கவே இல்லை. அது அவருக்கு எவ்வளவு பெரிய இழப்பு என்று எனக்குத் தெரியும்.

அவர் இன்னும் அங்கேதான், இரண்டாவது ஒப்பந்தம் ஓடுகிறது. கறுப்பி எப்படி என்று கேட்டால், இன்றைக்கு மத்தியானம் முழுக்க அழுதேன் என்று நேராகவே சொல்லிவிடுகிறேன். அறையிலுள்ள மற்ற ஏழு பேருக்கு முன்னால் என்ன செய்வாரோ, அது அவர் பாடு. தனிமை குறைந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தனிமை எனக்கு மட்டும்தான் என்று எண்ணி, போனில் அவர் தேடிய முகத்தை நாள்தோறும் நான் திருப்பிக்கொண்டு நின்றதை நினைத்தால் இன்றைக்கும் மனம் குறுகிப்போகிறது.