மறுமுனையில ஆயம்மா

என் பொண்டாட்டி ஆயம்மா பள்ளிக்கூடம் போனது ரெண்டே வருசங்க. ஆனா தண்ணி எப்படி நிக்கும்னு அவளுக்குத் தெரிஞ்ச அளவு எந்த இன்ஜினியருக்கும் தெரியாது. நான் கொத்தனாரு, அவ சித்தாளு. இருவத்திரண்டு வருசமா மட்டம் பாக்கற டியூப்புல ஒரு முனை எங்கையில, மறுமுனை அவ கையில. டியூப்பு எப்படி வளஞ்சு கெடந்தாலும், ஆடாம நின்ன தண்ணி ரெண்டு முனையிலயும் ஒரே ஒசரத்துலதான் இருக்கும். அதைப் பாத்துத்தான் செவுத்துல கோடு போடறது.

பல்லடத்துப் பக்கம் வேலைன்னா பக்கத்துல தறி ஓடிட்டே இருக்கும், கத்துனாலும் காது கேக்காது. அதுக்கு அவளே ஒரு வழி வெச்சிருந்தா. கோடு போட்டதும் அவ முனையை ரெண்டு தடவை தூக்கி எறக்குவா. எம்பக்கம் தண்ணி ரெண்டு தடவை எந்திரிச்சு உக்காரும். நான் மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தா, வேணும்னே ஆட்டிட்டே இருப்பா. செவுத்துக்கு அந்தப்பக்கம் நின்னு சிரிக்கறான்னு எனக்குத் தெரிஞ்சிரும்.

போன தை மாசம் ஒரு பனியன் கம்பெனி ஷெட்டு, நடுவுல செவுரு. மடத்துக்குளத்துல அவ அண்ணன் ஊட்டு விசேசத்துக்குப் போலாமுங்கன்னு காத்தால கேட்டா. வேலை முடியட்டும்னு வஞ்சுபோட்டேன்.

மட்டம் பாக்கறப்ப தண்ணி நிக்கவே மாட்டேங்குது. ஏறுது, எறங்குது, நடுங்குது. காத்தால வஞ்சதுக்கு ராசியாக வர்றாளாக்கும்னு நெனச்சேன். போடின்னு மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். திரும்பிப் பாத்தா தண்ணி சரசரன்னு எறங்கிப் போயிருச்சு. டியூப்பைக் கீழ போட்டுட்டா ரோசக்காரி, அவளே சுத்திட்டு வரட்டும்னு பீடி பத்த வெச்சேனுங்க. முழுசாக் குடிச்சு முடிச்சேன், பாவி.

போய்ப் பாத்தா செவுத்தோரம் சாஞ்சு கெடக்கறா. டியூப்பு முனை இன்னும் அவ விரலுக்குள்ள இருந்துச்சு. தண்ணி பூராவும் சேலைல. மாரடைப்பு, கொஞ்சம் முன்னால கொண்டாந்திருக்கலாமேன்னு டாக்டரு கேட்டாரு. அவ கூப்பிட்டாளுங்க. எங்கையில இருந்த தண்ணியிலதான் கூப்பிட்டா. நாந்தான் வெளையாடறான்னு நின்னுட்டேன்.

இப்ப மறுமுனையப் பீகார்க்காரரு ஒருத்தரு புடிக்கறாரு. நல்ல பொறுமைசாலி. தண்ணி அசையாம மட்டமா நிக்குது. கோடு போடாம அதையே பாத்துட்டு நிக்கறேன், ஒரு தடவையாச்சும் ஆடாதான்னு.